ஊருக்காக உயிர்விட்டவருக்குக் கல் நடும்போது அதில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி: ஏரிக்கரையான்

வணக்கம். சென்ற ஐப்பசியில் எங்கள் ஊர் ஏரி நிரம்பிக் கோடி போனபோது, மதகருகே வழுக்கி விழுந்த இரண்டு சிறுவர்களைக் காப்பாற்ற, கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தோள்துண்டை எறிந்துவிட்டுக் குதித்தார். பிள்ளைகளைக் கரையேற்றியவர் தாம் கரையேறவில்லை. அந்தத் துண்டு மறுநாளும் கரையோர வேலமரத்தில் கிடந்தது. அவருக்குக் கல் நடுவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. ஆனால் ‘மாவீரர்’, ‘தியாகச் செம்மல்’ முதலிய பட்டங்களையும், நன்கொடையாளர்களின் பெயர்களையும் பெரிதாகப் பொறிக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் முன்னோர் இத்தகைய கல்லில் என்ன எழுதினார்கள்?

மறுமொழி: கல்வெட்டு வாசகன்

பட்டங்கள் வேண்டாம் ஐயா, நடந்ததை எழுதுங்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பொறித்த நடுகல் ஒன்றில், கூடலூரில் நடந்த ஆகோளும் (மாடுகளைக் கவரும் பூசல்) அதில் இறந்த அந்தவன் என்பவரின் பெயருமே இருக்கின்றன. புகழுரை எதுவும் இல்லை.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல் உங்கள் ஊர் நிகழ்ச்சிக்கு இன்னும் நெருக்கமானது. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட அதில், கருந்தேவக்கத்தி என்பவர் தம் எருமைகளைக் காக்கும்போது பட்டார், அதாவது இறந்தார், என்ற செய்தியோடு, கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதும் தனியே எழுதப்பட்டிருக்கிறது. சிற்பத்திலும் வீரனின் அருகே அந்த நாய் நிற்கிறது. பல்லவப் பேரரசனின் பெயர் அங்கே காலத்தைச் சுட்டத்தான் வருகிறது. கல், எருமைகளைக் காத்தவருக்கும் அவருடைய நாய்க்கும் உரியது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மறுமொழி: மலர்க்கொடி

கல்லோடு நிறுத்திவிடாதீர்கள் அண்ணா. ஊருக்காகப் பட்ட வீரனின் குடும்பத்தாருக்கு நிலம் விடும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. அந்நிலத்தை உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் கல்வெட்டுகள் சொல்கின்றன. எங்கள் ஊரில் இப்படி உயிர்நீத்த ஒருவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். அவருடைய மனைவி நாள்தோறும் அந்தச் சிலையைக் கடந்துதான் கூலி வேலைக்குப் போகிறார். நீங்கள் திரட்டிய பணத்தில் ஒரு பங்கையாவது உங்கள் ஊரில் உயிர்விட்டவருடைய பிள்ளைகளின் படிப்புக்கு வைப்புத்தொகையாகப் போடுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற எழுத்தர்

பிறர் உயிரைக் காத்தவர்களுக்காக 1961-இல் நடுவண் அரசு நிறுவிய ஜீவன் ரக்ஷா பதக்க விருதுகள், இறந்தவர்களுக்கும் வழங்கப்படுகின்றன. மாநில அரசின் பரிந்துரை தேவை. காலவரம்பும் உண்டு என்பதால், பார்த்தவர்களின் வாக்குமூலங்களை இப்போதே எழுதி வாங்கிக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை அணுகுங்கள்.

ஏரிக்கரையான்

அனைவருக்கும் நன்றி. ‘ஏரி கோடி போன நாளில் மதகடியில் இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றி நீரில் பட்டார் கல்’ என்று, அவருடைய பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டு எழுதியிருக்கிறேன். நன்கொடையாளர்களின் பெயர்கள் கல்லில் வேண்டாம், கணக்கேட்டில் இருந்தால் போதும் என்று கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்கள், வைப்புத்தொகைக்கும் இசைந்துவிட்டார்கள். நேற்று மாலை அவருடைய மனைவியிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். ஆடு மேய்த்தவர் என்பதையும் சேர்க்கச் சொன்னார்.