லைப்ரரிக்குள் (புரோகிராமிங் மொழியோடு வரும் ஆயத்த நிரலுக்குள்) எட்டிப் பார்த்தபோது என்ன கிடைத்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தோபாயோ தம்பி:

மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் இங்கே கொட்டுகிறேன்.

உறுப்பினர் பட்டியல் ஒன்றைப் பழைய சிஸ்டத்திலிருந்து ஜாவா என்ற புரோகிராமிங் மொழிக்கு மாற்றினோம். மறுநாள் காலையிலேயே போன். "என் பிறந்தநாள் ஒரு நாள் முன்னால் காட்டுகிறது." அப்புறம் இன்னொரு போன். தேடிப் பார்த்தால் 1981-க்குள் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு. 1982 முதல் பிறந்தவர்களுக்கு எல்லாம் சரி. இதுவரை புரிந்தது. பழைய சிஸ்டம் பிறந்த நாள் நள்ளிரவு 12 மணியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 8 மணி நேரத்தைக் குறைத்து யுடிசியாக (உலகப் பொது நேரமாக) சேமித்திருக்கிறது. ஜாவாவோ சிங்கப்பூர் அந்தக் காலத்தில் யுடிசிக்கு 7.30 மணி நேரம்தான் முன்னால் என்று தெரிந்துவைத்திருக்கிறது. ஆக, திரும்பப் படிக்கும்போது முந்தைய நாள் இரவு 11.30.

ஆனால் ஒரு பாட்டி மட்டும் கணக்கில் சிக்கவில்லை. 1943-இல் பிறந்தவர். அவர் தேதி மட்டும் சரியாக இருந்தது.

இரவு பத்து மணிக்கு ஜேடிகேயின் (ஜாவாவின் கருவித்தொகுப்பு) மூல நிரலைத் திறந்து, நேர மண்டலக் கோப்புகளில் ஆசியா என்ற கோப்பைத் தேடி எடுத்தேன். சிங்கப்பூருக்குக் கீழே எட்டொன்பது வரிகள். 7.30 என்ற வரி 1942 பிப்ரவரி 16-இல் முடிகிறது. அடுத்த வரி 9.00, அதாவது தோக்கியோ நேரம். அது 1945 செப்டம்பர் 12 வரை. என் ஆயா 'ஜப்பான்காரன் காலம்' என்று சொல்லும்போதெல்லாம் கதை கேட்கிற மாதிரிதான் கேட்டிருக்கிறேன். அது இரண்டு வரியாக, ஒரு விளக்கமும் இல்லாமல், நான் தினமும் பயன்படுத்துகிற லைப்ரரிக்குள் உட்கார்ந்திருக்கிறது. எட்டைக் கழித்து ஒன்பதைக் கூட்டினால் அதே நாள் விடிகாலை 1 மணி. பாட்டியின் தேதி தப்பித்துவிட்டது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது?

செம்பாவாங் அண்ணன்:

இருக்கிறது, கொஞ்சம் பழைய கதை. 2011. ஜாவா 6. சரக்கு வேலை செய்யும் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். லாக் கோப்பில் ஒவ்வொரு நீண்ட வரியிலிருந்தும் கன்டெய்னர் நம்பரை மட்டும் வெட்டி எடுத்து மெமரியில் வைத்திருந்தோம். பதினொரு எழுத்து, அவ்வளவுதான். ஆனால் மதியம் இரண்டு மணி ஆனால் சர்வர் படுத்துவிடும். ஹீப் டம்ப் (மெமரியில் அப்போது இருப்பதன் நகல்) எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு பதினொரு எழுத்துக்கும் பின்னால் முழு வரியும் தொங்கிக்கொண்டிருக்கிறது!

எழுத்துத் தொடர்களைக் கையாளும் ஸ்ட்ரிங் வகுப்பைத் திறந்தேன். உள்ளே ஒரு எழுத்து அரே (எழுத்துகளின் வரிசை), எங்கே தொடக்கம் என்று ஒரு எண், எத்தனை எழுத்து என்று ஒரு எண். துண்டு வெட்டும் சப்ஸ்ட்ரிங் கட்டளை புதிதாக எதையும் நகல் எடுக்கவில்லை. பழைய அரேயையே பிடித்துக்கொண்டு இரண்டு எண்களை மட்டும் மாற்றியது. மாம்பழத்தில் ஒரு துண்டு கேட்டவனுக்கு மரத்தையே வேரோடு கட்டிக் கொடுத்த மாதிரி. வெட்டிய துண்டை மட்டும் புதிய ஸ்ட்ரிங்காக நகல் எடுக்க வைத்தேன். ஒரே வரி மாற்றம், சர்வர் பிழைத்தது.

கதை அது இல்லை. பல வருடம் கழித்து ஒரு தம்பி அந்த வரியைக் காட்டி, "அண்ணே, இது எதுக்கு வெட்டியா?" என்று கேட்டார். எனக்குக் கோபம், பெரிய பாடமே எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஸ்ட்ரிங் வகுப்பைத் திறந்து காட்டினார். தொடக்க எண்ணைக் காணோம். ஜாவா 7-இன் ஆறாவது அப்டேட்டிலேயே சப்ஸ்ட்ரிங் நகல் எடுக்க ஆரம்பித்துவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தத் தம்பியின் முகத்தில் சிரிப்புகூட வரவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

யீஷூன் வாசி:

கோயில் அன்னதானத்துக்கு டோக்கன் ஆப் எழுதிக் கொடுத்தேன். ஐம்பது டோக்கன் வைத்து டெஸ்ட், எல்லாம் பிரமாதம். அன்றைக்குக் கூட்டம். 127 வரை சரியாக அழைத்தது. 128-ஆம் டோக்கன் வைத்திருந்த அம்மா, "என் நம்பர் எப்போ தம்பி வரும்?" என்று மூன்று தடவை கேட்டார். வரவே இல்லை. ஜாவாவில் முழு எண்ணுக்கான இன்டிஜர் வகுப்புக்குள் -128 முதல் 127 வரை முன்கூட்டியே செய்துவைத்த பொருள்கள் இருக்கின்றன, அதைத் தாண்டினால் ஒவ்வொரு தடவையும் புதிது. நான் இரண்டு இன்டிஜரை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருந்தேன், அது எண் சமமா என்று பார்க்காது, இரண்டும் ஒரே பொருளா என்றுதான் பார்க்கும். கடைசியில் மைக்கைப் பிடித்து வாயாலேயே கூப்பிட்டோம்.

கிளமெண்டி கோடர்:

@யீஷூன் வாசி, இதற்கு லைப்ரரியைத் திறக்கவே வேண்டியதில்லை, ஜாவா முதல் வாரப் பாடம். @தோபாயோ தம்பி, உங்கள் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் தப்பு லைப்ரரியில் இல்லை. பிறந்த தேதியை யார் மணி நிமிடத்தோடு சேமிக்கச் சொன்னது? தேதி வெறும் தேதி. ஜாவா 8 வந்த 2014-இலிருந்து அதற்கென்று லோக்கல்டேட் இருக்கிறது.

என் கதை சின்னது. பைத்தான் மொழியில் கார்ப்பார்க் காலியிடம் காட்டும் ஸ்கிரீன். பிளாக் எண்ணையும் மாடியையும் டப்பிளாக (ஒரு ஜோடியாக) சேர்த்து, அதன் ஹேஷையே (அதிலிருந்து கணக்கிடும் ஒரு எண்) சாவியாக வைத்தேன். பேஸ்மென்ட் ஒன்று -1, பேஸ்மென்ட் இரண்டு -2. இரண்டும் எப்போதும் ஒரே எண்ணைக் காட்டின. பைத்தானின் உள்பகுதி சி மொழி. அங்கே ஹேஷ் -1 என்று திரும்பினால் 'பிழை' என்று பொருள். அதனால் -1 என்ற எண்ணின் ஹேஷை -2 ஆக மாற்றிவிடுகிறார்கள். -2-இன் ஹேஷும் -2.

சரி, புதிதாக லைப்ரரி கோடு படிக்க வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் வரியிலிருந்து படிக்காதீர்கள், கமென்ட்டிலிருந்து (கோடுக்கு நடுவே மனிதருக்காக எழுதிய குறிப்பு) ஆரம்பியுங்கள். பைத்தானின் சார்ட்டுக்கு (வரிசைப்படுத்தும் கோடு) அதை உருவாக்கிய டிம் பீட்டர்ஸ் 2002-இல் எழுதிய குறிப்பு, தனிக் கோப்பாகவே கூட இருக்கிறது. கோடு தலைக்கு மேலே போனாலும் அந்தக் குறிப்பு புரியும். சாவிகளை ஹேஷ்படி பெட்டிகளில் பிரித்து வைக்கும் ஜாவா ஹேஷ்மேப்பில், ஒரு பெட்டிக்குள் எட்டுச் சாவி சேர எவ்வளவு வாய்ப்பு என்று பாய்சான் நிகழ்தகவுக் கணக்கே எழுதி வைத்திருக்கிறார்கள்: 0.00000006. சி++ லைப்ரரியைத் திறந்தால் உள்ளே இருக்கும் பெயர்களுக்கு முன்னால் இரட்டை அடிக்கோடு, இல்லையென்றால் ஓர் அடிக்கோடும் பெரிய எழுத்தும் இருக்கும், பயப்படாதீர்கள். அப்படிப்பட்ட பெயர்களை நாம் வைக்கக் கூடாது என்பது மொழியின் விதி. அதனால்தான் அவர்கள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள், நம் மேக்ரோ (ஒரு பெயரை வேறு கோடாக மாற்றிவிடும் சுருக்கம்) எதுவும் போய் முட்டாது. அப்புறம் டெஸ்ட் கோப்புகளைப் படியுங்கள். அப்புறம் ஒரு வரி ஏன் மாறியது என்று பழைய பதிவுகளைத் தோண்டுங்கள். வரிசையான பட்டியலைப் பாதி பாதியாக்கித் தேடும் பைனரி சர்ச்சில் இரண்டு எண்ணைக் கூட்டிப் பாதியாக்கும் ஒரே வரி, ஜாவாவில் ஏறக்குறைய ஒன்பது வருடம் பிழையோடு இருந்தது. கூட்டுத்தொகை மிகப் பெரிதானால் இன்ட் என்ற எண் வகைக்குள் அடங்காமல் மைனஸ் ஆகிவிடும். 2006-இல், அந்தக் கோடை எழுதிய ஜோஷுவா பிளாக்கே எழுதித்தான் ஊருக்கே தெரிந்தது.

தோபாயோ தம்பி:

அந்த டேட்டாபேஸை வடிவமைத்தது நான் இல்லை, ப்ரோ. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது யாரோ செய்தது. லைப்ரரியைக் குற்றம் சொல்லவும் இல்லை, மறுபடி படியுங்கள். ஹேஷைச் சாவியாக வைத்தவர் அறிவுரை சொல்கிறார் 🙂

தேக்கா பக்கம்:

தம்பி, உங்கள் நேர மண்டலக் கதை என்னைப் பழசுக்குக் கொண்டுபோய்விட்டது. ஜாதகம் கணிக்கும் ஆப் ஒன்றைப் பைத்தானில் எழுதினேன். அம்மா 1968, இங்கேதான் பிறந்தார். ஆப் மேஷ லக்னம் என்றது. தாத்தா காலத்து நோட்டில் மை மங்கி ரிஷபம் என்று இருந்தது. "நோட்டு சரியாத்தானே இருக்கு, உன் கம்ப்யூட்டருக்கு என்ன வந்தது?" என்றார் அம்மா. சிங்கப்பூருக்கு 8 என்று நானே கையால் எழுதி வைத்திருந்தேன். அரை மணி நேரம் என்றால் கிட்டத்தட்டக் கால் ராசி. எல்லையில் பிறந்தவர்களுக்கு லக்னமே மாறிவிடும். பைத்தான் 3.9-இல் வந்த சோன்இன்ஃபோ என்ற நேர மண்டல லைப்ரரிக்கு மாற்றினேன், நோட்டோடு ஒத்துப்போனது.

ஆனால் மாமா இருக்கிறாரே. "புத்தாண்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் பிறந்தேன்" என்று 31 டிசம்பர் 1981, இரவு 11.45 என்று நேரம் கொடுத்தார். மலேசியா நேரத்தை மாற்றியதும் நாமும் கூடவே மாறினோம் இல்லையா, அன்றைக்கு இரவு 11.30 ஆனதும் கடிகாரம் நேராக 12-க்குத் தாவியது. 11.45 என்று ஒரு நேரமே இந்த ஊரில் வரவில்லை. சோன்இன்ஃபோ பிழை என்று கத்தவில்லை, பேசாமல் வாங்கிக்கொண்டது. யுடிசிக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தால் 1 ஜனவரி 1982, 12.15 என்று நிற்கிறது.

மாமா வருடா வருடம் 31-ஆம் தேதிதான் கேக் வெட்டுகிறார். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.