பழைய டீசல் பிக்கப்புக்கு வீட்லயே டர்போ மாட்டலாமா?

பழையவண்டி: டர்போ இல்லாத பழைய டீசல் பிக்கப், லோடு ஏத்திட்டு மேட்டுல போனா திணறுது, டர்போ (இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கி அனுப்புற சாதனம்) மாட்டுனா இன்ஜின் தாங்குமா?

ஸ்பேனர்: மொதல்ல கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டர்ல அழுத்தம் சரியா நிக்குதான்னு பாக்குறது) பண்ணுங்க ப்ரோ, தேஞ்ச இன்ஜின்ல டர்போ வேஸ்ட். நல்லா இருந்தா 7, 8 பிஎஸ்ஐ பூஸ்ட்டோட (டர்போ தர்ற கூடுதல் காத்தழுத்தம்) நிறுத்திக்கோங்க, பழைய டீசல்ல கம்ப்ரெஷன் ரேஷியோவே (சிலிண்டர்ல காத்து எத்தன மடங்கு அமுங்குதுங்கற அளவு) 20க்கு பக்கம் இருக்கும், பேராசைப்பட்டா ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற சீல்) போயிரும்.

கரும்புகை: எல்லாரும் பூஸ்ட்டையே பேசுறாங்க, டர்போல இருந்து ஆயில் திரும்பி வர்ற ரிட்டர்ன் பைப்ப யாரும் சொல்றதில்ல. பைப் பெருசா, மடக்கில்லாம கீழ இறங்கி சம்ப்ல (இன்ஜினுக்கு அடியில இருக்குற ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேல சேரணும், இல்லேன்னா டர்போ சீல் வழியா ஆயில் கசிஞ்சு நீலப்புகைதான்.

பழையவண்டி: டீசல் பம்ப்ல டீசல கூட்டணுமா?

ஸ்பேனர்: கூட்டாம பவர் பெருசா ஏறாது, ஆனா எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர் மீட்டர் மாட்டாம பம்ப்ல டீசல கூட்டுற ஸ்க்ரூல கை வெக்காதீங்க, டர்போவுக்கு முன்னாடி 700 டிகிரி செல்சியஸ் தாண்டி ரொம்ப நேரம் இழுத்தா பிஸ்டனுக்கு ஆபத்து.