பட்டை கூட்டினால் லோடு கூடுமா? பிக்கப் வண்டிக்காரர்களின் அனுபவங்கள்

மணலி பிக்கப்:

சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடும் சேனலும் ஏற்றிக்கொண்டு பல்லாவரம், தாம்பரம் பக்கம் போகிற வண்டி என்னுடையது. காய்கறி என்றால் பாடி நிரம்பியதும் ஏற்றுவதை நிறுத்திவிடலாம். இரும்பில் அது நடக்காது. எட்டுக்கு நாலு அடி, 10 மி.மீ. தகடு ஒன்றே கிட்டத்தட்ட 233 கிலோ. அஞ்சு தகடு போட்டால் 1,165 கிலோ ஆகிவிடும். ஆனால் அடுக்கின் உயரம் வெறும் 5 சென்டிமீட்டர்தான். பாடி காலியாகக் கிடப்பது போலவே இருக்கும். "இன்னும் ரெண்டு போட்டுக்கோங்க, அதான் இடம் இருக்கே" என்று கடையில் சொல்வார்கள். வண்டியின் பின்பக்கம் உட்காரும்போது பக்கத்தில் நிற்கிறவர் "பட்டை ரெண்டு கூட்டிக்கோ தம்பி" என்பார். பட்டை என்றால் வண்டியின் எடையைத் தாங்க ஆக்சிலில் அடுக்கடுக்காக இருக்கிற வளைந்த ஸ்பிரிங், லீஃப் ஸ்பிரிங். நம்ம ஊரில் பெரும்பாலான பிக்கப்புகளுக்குப் பட்டை கூடுவது இப்படித்தான்.

நான் வாங்கியது செகண்ட்ஹேண்ட் வண்டி. முன்னாடி வைத்திருந்தவர் பின்பக்கம் ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு பட்டை கூட்டியிருந்தார். பார்க்க நன்றாகவே இருந்தது. லோடு ஏற்றினாலும் வண்டி தாழவில்லை. பிரேக்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. கத்திப்பாரா பாலத்தில் இறங்கும்போது மிதித்தால் மூக்கு குத்தும், பின்பக்கத்தில் பிடிப்பே தெரியாது. முன் பேட் மட்டும் சீக்கிரம் சீக்கிரம் தேய்ந்தது. பேட் மாற்றினேன், ஆயில் மாற்றினேன், பின் டிரம்மைக் கழற்றி ஷூவையும் பார்த்தோம். லைனிங் தேயாமல் அப்படியே இருந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது பாடி ஏரியாவில் இருக்கிற ஒரு பட்டறைக்காரர். வண்டிக்கு அடியில் என்னையும் குனியவைத்துக் காட்டினார். சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், கையளவு வால்வு ஒன்று இருக்கிறது, அதிலிருந்து ஒரு கம்பி பின் ஆக்சிலுக்குப் போகிறது. லோடு ஏறினால் சேஸிஸ் தாழும், கம்பி அசையும், வால்வு திறந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலி வண்டியில் பின்சக்கரம் லாக் ஆகி வழுக்கக் கூடாது என்பதற்காக அழுத்தத்தைக் குறைத்து வைப்பதும் இதே வால்வுதான். எல்எஸ்பிவி என்பார்கள். பட்டை கூட்டியதில் சேஸிஸ் உயர்ந்தே நின்றதால், ஒரு டன்னுக்கு மேல் இரும்பு ஏறியிருந்தும் அந்த வால்வுக்கு வண்டி காலிதான். பின் பிரேக் அதற்கேற்ற மாதிரிதான் பிடித்தது.

இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல நினைக்கிறேன். பட்டை கூட்டினால் வண்டி தாழாது, அவ்வளவுதான். டயர், பிரேக், ஆக்சில், வீல் பேரிங், சேஸிஸ் எல்லாம் பழைய எடைக்குச் செய்ததுதான். தாழ்ந்த வண்டியைப் பார்த்தால் பயம் வந்து ஒரு தகட்டையாவது இறக்குவோம். பட்டை கூட்டிய வண்டியில் அந்தப் பயமும் போய்விடுகிறது.

சரி, நான் என்ன செய்தேன்? கூட்டிய பட்டைகளை எடுத்துவிட்டு, கம்பெனி அளவிலேயே முழு செட் புதிதாகப் போட்டேன். பழைய செட்டில் பட்டைகளின் வளைவு செத்துப்போயிருந்தது, பட்டை முனையைச் சேஸிஸோடு இணைக்கிற ஷாக்கிளின் புஷ் ஓவலாகியிருந்தது. பட்டை கூட்டுவதற்கு முன்னால் வண்டி தாழ்ந்திருந்தால், அதற்குப் பாதிக் காரணமே அதுவாகத்தான் இருக்கும். ஷாக் அப்சார்பர், பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டுகிற யூ போல்ட் எல்லாம் புதுசு. வால்வுக் கம்பியை மேனுவலில் இருக்கிற அளவுப்படி திரும்ப செட் செய்தார்கள். இப்போது ஆர்சியில் உள்ள எடைக்கு ஏற்றினால் வண்டி கொஞ்சம் தாழ்கிறது. தாழ வேண்டியதுதான்.

ஆர்சியில் மொத்த எடை என்று ஒன்றும் காலி எடை என்று ஒன்றும் இருக்கும். முதலாவதிலிருந்து ரெண்டாவதைக் கழித்தால் வருவதுதான் நமக்கு அனுமதி. டிரைவர், லோடுமேன், தார்ப்பாய், கயிறு எல்லாம் அதற்குள்தான். எடைமேடையில் முழு வண்டியை நிறுத்தி எடுத்துவிட்டு, அப்புறம் பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒருதரம் எடுத்துப் பாருங்கள். பின் ஆக்சிலில் எவ்வளவு உட்காருகிறது என்று அப்போதுதான் தெரியும். அதை டயரோடு ஒப்பிடுங்கள். டயர் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து ஒரு எண் இருக்கும். 104 என்றால் ஒரு டயர் தாங்குவது 900 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. அதுவும் சரியான காற்று இருந்தால்தான். பின்னால் ரெண்டே டயர், ரெண்டும் 104 என்றால் 1,800 கிலோவோடு முடிந்தது. காலி வண்டியின் பின்பக்க எடையும் அந்தக் கணக்கில் சேரும். எத்தனை பட்டை போட்டாலும் இந்த எண் மாறாது.


செங்குன்றம் கேன் வண்டி:

அண்ணே, வால்வு விஷயம் எனக்குப் புதுசு. நாளைக்கே குனிந்து பார்க்கிறேன்.

நமக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன். நூறு கேன் என்றால் தண்ணீர் மட்டுமே 2 டன், அதனால் கணக்கு போடுவது சுலபம். ஆனால் ஏஜென்சியில் கணக்கு கிலோவில் இல்லை, "எத்தனை கேன் ஏறும்" என்பதுதான். ரெண்டு அடுக்கா மூணு அடுக்கா என்பதுதான் பேச்சு.

எனக்கு நடந்தது வேறு. மாதவரம் பக்கம் போகும்போது பின்னால் டப் என்று ஒரு சத்தம், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இறங்கிப் பார்த்தால் பெரிய பட்டை, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட்டின் ஓட்டை இருக்கிற இடத்திலேயே ரெண்டாக உடைந்திருக்கிறது. பட்டை கூட்டித் தந்த இடத்தில் பழைய யூ போல்ட்டையே திரும்பப் போட்டு இறுக்கியிருந்தார்கள். நீளம் பற்றாமல் நட்டுக்கு வெளியே மரை தெரியவே இல்லை. ஆக்சிலும் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்திருந்தது. கேன்களை ரோட்டிலேயே இறக்கி வேறு வண்டிக்கு மாற்றினோம். பட்டை உடையக் காரணம் ஓவர்லோடா, யூ போல்ட்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பாடி பட்டறை:

கேன் வண்டித் தம்பிக்கு: நடு ஓட்டையில் உடைந்திருந்தால் முதல் சந்தேகம் யூ போல்ட் லூஸ்தான். நல்ல இறுக்கத்தில் இருக்கும்போது பட்டைகளின் நடுப்பகுதி ஆக்சிலோடு ஒட்டி, வளையாமல் நிற்கும். லூஸானால் அந்த இடமும் வளைய ஆரம்பிக்கும். ஓட்டை போட்ட இடம் ஏற்கெனவே பலம் குறைந்தது, அதனால் அங்கேதான் விரிசல் விடும். ஓவர்லோடு அதைச் சீக்கிரமாக்கும். பட்டை வேலை செய்தால் யூ போல்ட் புதுசுதான் போட வேண்டும், பழசு நீண்டிருக்கும். புதுசு போட்ட பிறகும் கொஞ்ச தூரம் லோடோடு ஓட்டிவிட்டு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பேனர்) வைத்துத் திரும்ப இறுக்கணும். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்ததும் இறுக்கம் குறைவது இயற்கை. இதற்கு வண்டியைத் திரும்பக் கொண்டுவருகிறவர்கள் குறைவு. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

"தடிமனான பட்டையாப் போடுங்க, கொஞ்சம்தானே வித்தியாசம்" என்று வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பட்டையின் விறைப்பு தடிமனின் கனத்தை ஒட்டிக் கூடும், அதாவது தடிமன் × தடிமன் × தடிமன் என்கிற கணக்கு. 8 மி.மீ. பட்டைக்குப் பதில் அதே நீள அகலத்தில் 10 மி.மீ. போட்டால் விறைப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. காலியாகத் திரும்பும்போது பின்பக்கம் ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப்போடும். மழையில் டயர் ரோட்டில் உட்காராமல் துள்ளும். ஷாக் அப்சார்பர் பழைய பட்டைக்குச் செய்ததாக இருந்தால் அதாலும் அடக்க முடியாது.

லோடும் காலியுமாக மாறி மாறி ஓடுகிற வண்டிக்கு நான் சொல்வது ஹெல்பர் பட்டை. உங்கள் மாடலுக்கு என்று கம்பெனி கொடுப்பதாக இருக்கணும். காலியாக இருக்கும்போது அது எதையும் தொடாமல் இடைவெளியோடு நிற்கும், லோடு ஏறி வண்டி தாழ்ந்த பிறகுதான் வேலைக்கு வரும். அந்த இடைவெளி இல்லாமல் இறுக்கிக் கட்டினால் அது ஹெல்பரே இல்லை, இன்னொரு பட்டை. பாராபாலிக் செட் இருக்கிற வண்டியில், அதாவது நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த ஒன்றிரண்டு பட்டை மட்டும் உள்ளதில், நடுவே சாதாரணத் தட்டைப் பட்டையைச் சொருகவே கூடாது. ரெண்டும் ஒரே மாதிரி வளையாது.

அப்புறம், உடைந்த பட்டையை வெல்டிங் வைப்பது. தயவுசெய்து வேண்டாம். ஸ்பிரிங் ஸ்டீலுக்கு அந்த குணம் வருவதே சூடாக்கிக் குளிரவைத்த பக்குவத்தால்தான். வெல்டிங் சூட்டில் ஓரம் கண்ணாடி மாதிரி நொறுங்குகிற பதத்துக்குப் போய்விடும்.


கோயம்பேடு நைட் லோடு:

எனக்கு எடை அவ்வளவு இல்லை. வெங்காயம், உருளை ஏறினால்தான் பிரச்சினை. ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வைக்கிற காற்றுப் பை விற்கிறார்களே, போடலாமா? இன்னொன்று, சஸ்பென்ஷன் மாற்றினால் ஆர்டிஓவில் கேட்பார்களா?


மணலி பிக்கப்:

காற்றுப் பை வண்டியை மட்டமாக வைக்கும், காலியாக இருக்கும்போது காற்றைக் குறைத்துக்கொள்ளலாம், அது வசதிதான். ஆனால் லோடு சேஸிஸில் ஒரே இடத்தில் போய் அழுத்தும், பட்டை மாதிரி முன்னும் பின்னும் பிரியாது. வால்வுப் பிரச்சினை இதிலும் அப்படியே உண்டு. எடை கம்மி என்கிறீர்கள், அப்படியானால் முதலில் மூட்டைகளை கேபினை ஒட்டி அடுக்கிப் பாருங்கள். பின்கதவை ஒட்டி எடை உட்கார்ந்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, ஆர்சியில் இருக்கிற விவரம் கம்பெனி சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. தேய்ந்த செட்டை அதே அளவில் மாற்றுவது பராமரிப்பு, அதில் சிக்கல் இல்லை. எதை மாற்றினாலும் ஆர்சியில் மொத்த எடை கூடாது. ஓவர்லோடுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகப்படி லோடை இறக்குகிற செலவும் நம்முடையதே. தினமும் கூடுதல் எடைதான் வேலை என்றால் பெரிய வண்டிதான் வழி. மஹிந்திரா பொலேரோ பிக்கப்பே 1.3 டன், 1.7 டன் என்று தனித்தனியாக வருகிறது.


பாடி பட்டறை:

கேன் வண்டித் தம்பி, வால்வு பார்க்க வரும்போது வழக்கமான லோடோடு வாங்க, எடைமேடைச் சீட்டும் கையில் இருக்கட்டும். காலி உயரம், லோடு உயரம் ரெண்டையும் அளந்தால்தான் கம்பியை எங்கே வைக்கணும் என்று பார்க்க முடியும். யூ போல்ட் நீளத்தையும் அப்போதே பார்த்துவிடலாம்.