ரோமில் நான்கு நாள்: செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள்

நவம்பர் தொடக்கத்தில் அம்மாவுடன் ரோம் போகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் அன்றைய வரிசையில் 68 வயது அம்மாவை நிற்க வைக்க மனம் வரவில்லை. 18 யூரோ கொடுத்து வேறொரு நாள் போவதே நல்லதா? தெருக்களில் நசோனி குழாய்களில் நல்ல குடிநீர் வருகிறது, அந்தச் செலவு மிச்சம். தங்குமிடம்தான் குழப்பம். டிராஸ்டவெரே அழகான பகுதி, ஆனால் மெட்ரோ இல்லை. தெர்மினி ரயில் நிலையம் பக்கம் பார்க்கலாமா?

அப்புறம் சாப்பாடு. அம்மா சுத்த சைவம். காச்சோ எ பெப்பே பாஸ்தாவில் இறைச்சி இல்லைதான், ஆனால் அதில் சேரும் பெக்கொரினோ சீஸை ஆட்டுக்குட்டியின் வயிற்று நொதி சேர்த்துத்தான் உறைய வைக்கிறார்கள். சைவர்கள் யாராவது போயிருந்தால், அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள்.