வீட்ல சேர்ற சில்லறையை என்ன பண்றீங்க?

கேள்வி: பாக்கெட், பை, டிராயர்னு எங்க கை விட்டாலும் சில்லறைதான், ஒரு டப்பால போட்டு வச்சேன் அதுவும் நிறைஞ்சு தூக்கவே முடியல, இதை எப்படிங்க எண்ணி முடிக்கிறது?

பதில் 1: எண்ணவே வேணாம்ங்க. வகை வகையா பிரிச்சு கிச்சன் தராசுல வைங்க, முதல்ல ஒவ்வொரு வகையிலயும் பத்து நாணயத்தை எண்ணி வச்சு எடை பாத்துக்கிட்டா மொத்த எடையை வச்சு கணக்கு வந்துடும். ஒரே மதிப்புல பழசும் புதுசும் கலந்திருந்தா எடை மாறலாம், டிசைன் பாத்து தனியா வைங்க.

பதில் 2: டப்பால கிடந்தா வட்டியா வரப்போகுது? பேங்க்ல கட்டிடுங்க. போறதுக்கு முன்னாடி போன் போட்டு கேட்டுக்கோங்க, சில இடத்துல பிரிச்சு கொண்டு போனாதான் வாங்குவாங்க.

பதில் 3: மொத்தத்தையும் கட்டிடாதீங்கப்பா, பஸ்ஸுக்கு கொஞ்சம் இருக்கட்டும். பழங்காசு ஏதாவது மாட்டுச்சுன்னா பளபளன்னு தேய்ச்சுடாதீங்க, சேகரிக்கிறவங்ககிட்ட மதிப்பு குறைஞ்சிடும்.