டிப் ஏன் தண்ணீர் விட்டது?

சனிக்கிழமை, மாலை 4:10

நான்: (படம்) எல்லோரும் இதைப் பாருங்கள். மதியம் கிண்ணத்தில் போடும்போது சுமாரான கெட்டியாகத்தான் இருந்தது இந்தத் தயிர் டிப், ஒரு மணி நேரத்தில் இந்தக் கோலம். மேலே பச்சைத் தண்ணீர் நிற்கிறது. கேரட் துண்டைத் தோய்த்தால் ஒன்றுமே ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. நாளைக்குப் பிள்ளைகளின் நண்பர்கள் ஏழு பேர் வருகிறார்கள், இனி மயோனைஸ் பாட்டிலே வாங்கமாட்டேன் என்று வீட்டில் சபதம் வேறு போட்டு வைத்திருக்கிறேன்

தம்பி: அக்கா, அது டிப் இல்லை. மோர்

சித்தி: அவனைக் கண்டுகொள்ளாதே. என்னென்ன போட்டாய், எந்த வரிசையில் போட்டாய், அதைச் சொல் முதலில்

நான்: தயிர் இரண்டு கப் சித்தி. ஒரு முழு வெள்ளரிக்காய், துருவிப் போட்டேன். பூண்டு நாலு பல், உப்பு, அரை எலுமிச்சம்பழச் சாறு. எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு ஒரு சுற்று. நைசாக வரட்டும் என்று இன்னொரு சுற்றும் விட்டேன்

அண்ணி: சரியாகப் போச்சு. தயிர் தண்ணீர் விடுவதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனையையும் ஒரே கிண்ணத்தில் செய்து முடித்திருக்கிறாய்

நான்: திட்டாமல் சொல்லுங்கள் அண்ணி

அண்ணி: திட்டவில்லை. தயிர் பார்க்கத்தான் ஒரே கட்டி. உள்ளே பால் புரதம் வலை மாதிரி பின்னியிருக்கும், அந்த வலைதான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மிக்சி பிளேடு அந்த வலையை அறுத்துப் போட்டுவிடும், அப்புறம் அது மறுபடி சேராது. இதில் வெள்ளரிக்காய் வேறு. அதில் 95 சதவீதம் தண்ணீர்தான். அதைத் துருவி, உப்பும் போட்டால் உள்ளே இருக்கிற தண்ணீரை உப்பு வெளியே இழுத்துவிடும். அந்தப் பச்சைத் தண்ணீர் பாதி வெள்ளரிக்காயுடையது

நான்: இப்போது இதை என்ன செய்வது, கொட்டிவிடவா?

சித்தி: எதற்குக் கொட்டுகிறாய்? இன்றைக்கு ராத்திரி சாலட் மேல் ஊற்று. டிப் நீர்த்துப் போனால் அது டிரெஸ்ஸிங், அவ்வளவுதான் வித்தியாசம். அரை ஸ்பூன் கடுகு விழுதும் ஒரு ஸ்பூன் ஆலிவ் எண்ணெயும் விட்டு முள்கரண்டியால் அடி, யாருக்கும் தெரியாது

தம்பி: எங்களுக்குத் தெரியும்

சித்தி: நாளைக்கு வேண்டிய தயிரை இப்போதே வடிக்கப் போடு. இதுதான் முக்கியமான வேலை, மற்றதெல்லாம் பத்து நிமிஷம். ஒரு வடிகட்டியை ஆழமான பாத்திரத்தின் மேல் வை. மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, இரண்டாக மடித்து அதில் விரி. தயிரை அலுங்காமல் கரண்டி கரண்டியாக எடுத்துப் போடு. துணியின் நாலு முனையையும் மேலே மடித்து மூடி, அப்படியே ஃப்ரிட்ஜுக்குள். வெளியே தொங்கவிடாதே, நேரமாக ஆகப் புளித்துக்கொண்டே போகும். ஒன்று, வடிகட்டியின் அடி பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. தொட்டால் வடிந்த தண்ணீரிலேயே தயிர் உட்கார்ந்திருக்கும், எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது, காலையில் பார்த்தால் போட்டது போட்டபடி இருக்கிறது

நான்: எவ்வளவு நேரம்?

சித்தி: மூன்று நாலு மணி நேரத்திலேயே டிப்புக்குப் போதுமான பதம் வரும். ராத்திரி முழுக்க விட்டால் ரொட்டியில் தடவுகிற அளவுக்கு இறுகிவிடும். அரை கிலோ போட்டால் கால் கிலோ மிஞ்சும், அதனால் வேண்டியதைப் போல இரண்டு மடங்கு போடு

நான்: பாதி தண்ணீராகவா போகிறது!

சித்தி: அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ஒரு பாட்டிலில் பிடித்து வை. டிரெஸ்ஸிங் கெட்டியாகிப் போனால் சாதாரணத் தண்ணீர் விடுவதற்குப் பதில் இதை விடு, ருசி குறையாது. மாவு பிசையலாம், சூப்பில் ஊற்றலாம்

தம்பி: நானும் ஒரு தடவை தயிர் டிப் செய்திருக்கிறேன் தெரியுமா. ரூமில் நாலு பேருக்கு

நான்: நீயா?

தம்பி: ஃப்ரிட்ஜில் இருந்த தயிர் டப்பாவை எடுத்தேன், பூண்டு நசுக்கிப் போட்டேன், மிளகு, உப்பு, எலுமிச்சை எல்லாம் ஒழுங்காகப் போட்டேன். வாசனை மட்டும் என்னவோ ஐஸ்க்ரீம் மாதிரி வருகிறதே என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் வெனிலா. சர்க்கரை போட்ட வெனிலா தயிர். பூண்டு வெனிலா எப்படி இருக்கும் என்று இந்தக் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்

அம்மா: ஐயோ என் பிள்ளை

சித்தப்பா: சாப்பிட்டாயா இல்லையா?

தம்பி: ஒருத்தன் முழுசாகச் சாப்பிட்டான் சித்தப்பா, நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னான். அவனோடு இன்றுவரை சாப்பாட்டு விஷயம் பேசுவதில்லை

அண்ணி: சிரிப்பு இருக்கட்டும், அதில் ஒரு விஷயம் இருக்கிறது. கடையில் வாங்குகிற தயிர் என்றால் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். பாலும் தயிர் உறையவைக்கிற பாக்டீரியாவும் மட்டும் இருந்தால் போதும். கொழுப்பு குறைந்தது என்று போட்டிருக்கும் சில டப்பாக்களில் கெட்டியாக இருப்பதற்காக ஸ்டார்ச்சோ ஜெலட்டினோ சேர்த்திருப்பார்கள், அதைத் துணியில் கட்டினால் ஒழுங்காக வடியாது

சித்தப்பா: எனக்கு ஒரு சந்தேகம். தயிரிலும் கொழுப்பு இருக்கிறது, மயோனைஸிலும் கொழுப்பு இருக்கிறது. பிறகு எதற்கு இத்தனை துணி, வடிகட்டி, பாத்திரம்?

அண்ணி: அளவுதான் சித்தப்பா. வழக்கமான மயோனைஸில் எழுபது எண்பது சதவீதம் வெறும் எண்ணெய், முட்டை மஞ்சள் அதைப் பிரியாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்தால் 90, 100 கலோரி வந்துவிடும். முழுக் கொழுப்புப் பாலில் உறைந்த தயிரை வடித்து அதே ஒரு ஸ்பூன் எடுத்தால் 15 கலோரிதான் சுமாராக. புரதமும் சாதாரணத் தயிரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிள்ளைகள் ஒரு ஸ்பூனோடு நிறுத்துகிறார்களா என்ன

சித்தப்பா: ருசி?

சித்தி: இதுதான் அவருடைய உண்மையான கேள்வி

அண்ணி: மயோனைஸ் ருசி வராது சித்தப்பா, அதை ஒத்துக்கொள்கிறேன். வரும் என்று சொல்லிக் கொடுத்தால்தான் வாயில் வைத்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இது வேறு, புளிப்பும் காரமுமாக. அப்படியும் அந்த வழவழப்பு வேண்டும் என்றால் மூன்று பங்கு வடித்த தயிருக்கு ஒரு பங்கு மயோனைஸ் கலந்துகொள்ளுங்கள், குற்றமில்லை

நான்: சபதம் என்ன ஆவது அண்ணி

அண்ணி: உன் சபதம் உன்னோடு, நான் சித்தப்பாவுக்குச் சொன்னேன்

சித்தப்பா: தயிரை உறையவைக்கிற அந்த பாக்டீரியாவை 1905இல் ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்த ஸ்டாமென் கிரிகோரவ் என்ற பல்கேரியர்தான் நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடித்தார். அதனால்தான் அதன் பெயரிலேயே பல்காரிகஸ் என்று வருகிறது. தெரிந்துகொள்ளுங்கள்

சித்தி: அவர் டிப் செய்தாரா?

சித்தப்பா: நான் போய் செய்தி பார்க்கிறேன்

மாலை 6:35

நான்: (படம்) போட்டாயிற்று. ஒரு கிலோ. சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் கேட்கிறது. அண்ணி, பூண்டைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன். இன்றைக்குச் செய்ததில் பூண்டு நாக்கைச் சுட்டது, செய்தவுடனே பார்த்தபோது அவ்வளவு இல்லை

அண்ணி: நாலு பல் ஜாஸ்தி. இரண்டு கப்புக்கு ஒரு சின்னப் பல் போதும். பூண்டை நசுக்கினால்தான் அந்தக் காரமே உருவாகிறது, முழுப் பல்லில் அது கிடையாது. நீ மிக்சியில் விழுதாக்கி விட்டாய். ஒன்று செய், நாளைக்குப் பூண்டை எலுமிச்சைச் சாற்றுக்குள்ளேயே போட்டு நசுக்கிப் பத்து நிமிஷம் விடு. புளிப்பு பட்டால் காரம் உண்டாவது அடங்கிவிடும், வாசனை மட்டும் நிற்கும்

சித்தி: எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் இல்லை, தோலோடு தோசைக்கல்லிலோ எதிலோ சுட்டுப் பிசைந்து போட்டுவிடுவேன், இனிப்பாக இருக்கும்

அண்ணி: அதுவும் நன்றாக இருக்கும். ஆனால் பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டுப் பாட்டிலில் அடைத்து வெளியே வைக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். எண்ணெய்க்கு அடியில் காற்றும் இல்லை புளிப்பும் இல்லை, போட்டுலிசம் என்கிற உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்குகிற கிருமிக்கு அதுதான் வசதி. வேண்டியபோது நசுக்கிக்கொண்டால் போகிறது

நான்: புளிப்பு கூட வேண்டுமென்றால் எலுமிச்சை இன்னும் விடலாமா? நீர்த்துப் போகுமோ என்று பயமாக இருக்கிறது

சித்தி: சாறு ஒரு ஸ்பூனோடு நிறுத்து. மேல் தோலின் மஞ்சளை மட்டும் துருவிப் போடு, வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். சாறு விடாமலே மணம் தூக்கும்

தம்பி: பழம் போட்டு இனிப்பு டிப்பும் ஒன்று செய்யேன் அக்கா. அன்னாசி

அண்ணி: பச்சை அன்னாசி வேண்டாம், கிவியும் வேண்டாம். அந்தப் பழங்களில் இருக்கிற நொதி பால் புரதத்தை வெட்டிப் போடும், அரை மணி நேரத்தில் கசக்க ஆரம்பித்துவிடும். வேகவைத்த அன்னாசி என்றால் பிரச்சினை இல்லை. மாம்பழம், ஸ்ட்ராபெரி போடலாம். தேன் விடுவதாக இருந்தால், வருகிறவர்களோடு ஒரு வயதுக்குக் கீழே குழந்தை வந்தால் அதற்குக் கொடுக்காதே

நான்: எல்லாம் பத்து வயசுக் குரங்குகள்தான் அண்ணி

ஞாயிற்றுக்கிழமை, காலை 9:20

நான்: (படம்) துணியைப் பிரித்தேன். சித்தி, இது தயிரே இல்லை! துணியின் நெசவு அப்படியே மேலே பதிந்திருக்கிறது, கரண்டியைக் குத்தினால் விழாமல் நிற்கிறது. கீழே அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இளமஞ்சளில் தண்ணீர்

சித்தி: ராத்திரி முழுக்க விட்டுவிட்டாயா, அதான் இவ்வளவு இறுக்கம். இரண்டு மூன்று ஸ்பூன் அந்தத் தண்ணீரையே திரும்ப விட்டுக் கரண்டியால் குழை. மிக்சி பக்கமே போகாதே

நான்: வெள்ளரிக்காய்?

அண்ணி: நடுவே இருக்கும் விதையை ஸ்பூனால் வழித்து எறி. துருவி, ஒரு சிட்டிகை உப்பு பிசறி, கால் மணி நேரம் வை. அப்புறம் கையில் அள்ளி, இதற்கு மேல் ஒரு சொட்டும் வராது என்கிற வரைக்கும் பிழி. ஒரு கிண்ணம் துருவல் ஒரு கைப்பிடி ஆகிவிடும், பயப்படாதே

நான்: (படம்) பிழிந்தேன். முக்கால் டம்ளர் வந்தது! இவ்வளவும் நேற்று என் டிப்புக்குள்தான் இருந்ததா

அண்ணி: அதேதான். இப்போது தயிர், பூண்டு, எலுமிச்சைத் தோல், மிளகுத்தூள், புதினா, பிழிந்த வெள்ளரிக்காய். மேலே ஒரு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் விடு, எண்ணெயே வேண்டாம் என்று நினைக்காதே. கேரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டின், அதாவது உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிற சத்து, உடம்பில் சேர்வதற்குக் கொஞ்சமாவது கொழுப்பு வேண்டும். உப்பு மட்டும் பரிமாறுவதற்குச் சற்று முன்னால். வெள்ளரிக்காயில் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது, அதனால் முதலில் ருசி பார்த்துவிட்டு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, சிப்ஸ் பாக்கெட்டே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும்

தம்பி: எத்தனை நாள் வைக்கலாம்? மிச்சம் இருந்தால் நான் வருகிறேன்

சித்தி: மூடி போட்டு ஃப்ரிட்ஜில் மூன்று நாள். ஆனால் கடித்த கேரட்டைத் திரும்பத் தோய்க்கும் கூட்டம் வருகிறது, அதனால் மேஜையில் வைத்தது மிஞ்சினால் கொட்டிவிட வேண்டியதுதான். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாக எடுத்து வை, தீரத் தீர நிரப்பிக்கொள். வேகவைத்த உருளைக்கிழங்கு கொடுப்பதாக இருந்தால் நன்றாக ஆறட்டும், சூட்டில் பட்டால் தயிர் திரிந்துபோகும்

மதியம் 12:15

நான்: (படம்) முடிந்தது! கரண்டியைக் கவிழ்த்தால்கூட விழவில்லை. உப்பு இன்னும் போடவில்லை, நாலு மணிக்கு வருகிறார்கள், மூன்றேமுக்காலுக்குப் போடுவேன். மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன்

சித்தப்பா: பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரு டப்பா எடுத்து வை. மயோனைஸ் கலக்க வேண்டாம்

மதியம் 1:50

அம்மா: ஃப்ரிட்ஜில் இருந்த வெள்ளைக் கிண்ணத்தை ருசி பார்த்தேன், உப்பே தெரியவில்லை, மறந்துவிட்டாய் போல இருக்கிறது. ஒரு ஸ்பூன் போட்டு நன்றாகக் கலக்கி வைத்திருக்கிறேன்

நான்: அம்மா!!

தம்பி: ஹாஹாஹா

அண்ணி: ஒரு ஸ்பூனா? முழு டீஸ்பூனா அத்தை?

அம்மா: தலை தட்டித்தான் போட்டேன். ஏன், தப்பா?

சித்தி: குழுவில் நேற்றிலிருந்து இதைத்தானே அக்கா பேசிக்கொண்டிருக்கிறோம்

அம்மா: நான் படத்தை மட்டும்தான் பார்ப்பேன்

அண்ணி: சரி, ஒன்றும் மோசமில்லை. வெள்ளரிக்காயை ஏற்கெனவே பிழிந்துவிட்டதால் அவ்வளவு விடாது. இனிமேல் கலக்காதே. மேலே தண்ணீர் நின்றால் மெதுவாகச் சாய்த்து ஊற்று. உப்பு கரித்தால் மிச்சம் வைத்திருக்கும் வடித்த தயிரில் நாலு ஸ்பூன் சேர்

நான்: மிச்சமே இல்லை அண்ணி, எல்லாவற்றையும் போட்டுவிட்டேன்

மாலை 3:50

நான்: (படம்) ஓரத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர்தான் நின்றது, சாய்த்துவிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல், ஆனால் வெறும் கேரட்டோடு சேரும்போது தெரியவில்லை. சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன்

அம்மா: அடுத்த தடவை மூடி மேல் எழுதி ஒட்டிவை

தம்பி: எழுதி ஒட்டாதே அக்கா, படம் வரைந்து ஒட்டு