பிராக் நகரில் மூன்று நாள்: கிழமை, மணி, காசு, சாப்பாடு (அனுபவப் பகிர்வு)

தொடக்கப் பதிவு

செக் நாட்டுத் தலைநகர் பிராக் நடந்தே சுற்றக்கூடிய ஊர். பழைய நகரச் சதுக்கம், சார்லஸ் பாலம், யூதர் குடியிருப்பான யோசெஃபோவ், ஆற்றுக்கு அக்கரையில் கோட்டை எல்லாமே பக்கம் பக்கம். சின்ன ஊர்தானே என்று திட்டம் போடாமல் போகிறவர்கள்தான் பூட்டிய கதவையும் நீண்ட வரிசையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.

சனிக்கிழமை யோசெஃபோவில் உள்ள யூத அருங்காட்சியகத்தின் எல்லாக் கட்டடங்களும் மூடியிருக்கும். யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படித்தான். ஞாயிறு காலை கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களை நண்பகல் 12 மணிக்கு மேல்தான் விடுவார்கள். திங்கள் தேசியக் கலைக்கூடத்துக்கு விடுமுறை. வெள்ளி காலை வந்து ஞாயிறு கிளம்புவதாக இருந்தால் வெள்ளியே யோசெஃபோவ், சனி கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் இரண்டில் ஒன்று கைநழுவும்.

கோட்டைக்குக் கீழேயிருந்து படி ஏற வேண்டாம். 22-ஆம் எண் டிராமில் ஏறுங்கள். 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்' நிறுத்தத்தில் கூட்டம் மொத்தமும் இறங்கும். நீங்கள் இன்னும் இரண்டு நிறுத்தம் தள்ளி போஹொர்ஷெலெட்ஸில் இறங்குங்கள். ஸ்ட்ராஹோவ் மடத்து நூலகம், லொரெட்டா ஆலயம் இரண்டையும் பார்த்துக்கொண்டே சரிவில் இறங்கினால் கோட்டையின் முன்வாசல் வந்துவிடும். திரும்பும்போது கிழக்கு வாசல் வழியாகப் பழைய கோட்டைப் படிகளில் இறங்கினால் மலோஸ்ட்ரான்ஸ்கா மெட்ரோ நிலையம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறவர்களுக்குப் படி ஏறாமல் கோட்டைக்குப் போக இதுதான் சரியான வழி.

வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. பேராலயம், பழைய அரண்மனை, புனித ஜார்ஜ் ஆலயம், சின்னச் சின்ன வீடுகள் உள்ள பொற்சந்து நான்கையும் பார்க்க ஒரே சீட்டு. அது இரண்டு நாள் செல்லும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. பேராலயத்தில் கொஞ்ச நேரம் கூடுதலாக இருங்கள். 1344-இல் தொடங்கி 1929-இல்தான் கட்டி முடித்தார்கள். கிழக்குப் பாதி பழைய காலத்தது, மேற்குப் பாதி புதியது. தெரிந்துகொண்டு பார்த்தால் கல்லின் நிறமே வித்தியாசம் சொல்லும்.

பதில்

வழி சரி, நேரத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. காலை பத்திலிருந்து ஒன்று வரை சுற்றுலாக் குழுக்கள் பேருந்து பேருந்தாக வந்து இறங்கும். கோடையில் கட்டடங்கள் 5 மணி வரை திறந்திருக்கும், அதனால் 2 மணிக்கு மேல் போவதே நிம்மதி. குளிர்காலத்தில் 4 மணிக்கே மூடிவிடுவார்கள், இருட்டும் அப்போதே வந்துவிடும். அந்த மாதங்களில் திறந்தவுடன் 9 மணிக்கே போய்விடுங்கள். பொற்சந்தின் வீடுகளை மூடிய பிறகு சந்துக்குள் சீட்டில்லாமலே நடக்கலாம்.

சார்லஸ் பாலம் விடியற்காலையில் பார்க்க வேண்டியது. 1357-இல் அடிக்கல் போட்ட, அரை கிலோமீட்டர் நீளமுள்ள பாலம். பத்து மணிக்கு மேல் அங்கே சிலைகளைவிட முதுகுகள்தான் தெரியும். பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரத்தில் மணிக்கொரு முறை இயேசுவின் பன்னிரு சீடர்களின் உருவங்கள் வந்து போவது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எல்லோரும் அண்ணாந்து நிற்கும் அந்த நேரம்தான் பிக்பாக்கெட்காரர்களுக்கு வாய்ப்பு. முதுகுப்பையை மார்புக்கு முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

பதில்

காசு விஷயத்தை யாரும் தொடவில்லையே. செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் நாணயம் யூரோ அல்ல, கொருனா. யூரோ வாங்கும் கடைகள் உண்டு, ஆனால் அவர்கள் போடும் மாற்று விகிதம் நமக்கு நட்டம். பெரும்பாலான இடங்களில் கார்டு போதும், சில்லறைச் செலவுக்கு மட்டும் கொஞ்சம் கொருனா வைத்துக்கொள்ளுங்கள்.

ஏடிஎம் என்றால் வங்கிக் கிளையை ஒட்டியதைத் தேடுங்கள். சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் இயந்திரங்கள் கட்டணமும் விகிதமும் சேர்த்து உருவிவிடும். ரூபாயிலோ பவுண்டிலோ கணக்கிட்டுத் தரட்டுமா என்று திரையில் கேட்டால் மறுத்து, கொருனாவையே தேர்ந்தெடுங்கள். கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், பதிலும் இதேதான்.

பணம் மாற்றும் கடையில் பலகையில் உள்ள விகிதத்தை நம்பாமல், "இத்தனை யூரோவுக்குக் கையில் எத்தனை கொருனா?" என்று கேட்டுவிட்டு நீட்டுங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் பதறவேண்டாம். 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்துசெய்யும் உரிமையை 2019 முதல் சட்டம் தந்திருக்கிறது. ரசீதை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தெருவில் வந்து நல்ல விகிதம் தருகிறேன் என்பவரிடம் நின்று பேசவே கூடாது. அவர் கொடுப்பது மதிப்பே இல்லாத வேறு நாட்டு நோட்டாக இருக்கும்.

பதில்

போக்குவரத்துக்கு: மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு. 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி, 72 மணி என்று நேரக் கணக்கு. காகிதச் சீட்டைக் கையில் வைத்திருந்தால் மட்டும் போதாது, மெட்ரோவில் நடைமேடைக்கு இறங்கும் முன் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். வெளியூர்க்காரர்கள் அபராதம் கட்டுவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான். டிராமுக்குள் கார்டு தட்டி வாங்கும் சீட்டு ஏற்கெனவே முத்திரையோடு வரும், மறுபடி குத்தக் கூடாது. செயலியில் வாங்கிய சீட்டோ அதைத் தொடங்கத் திரையில் தொட்டவுடன் செல்லுபடியாகாது, சிறிது காத்திருப்பு உண்டு. ஆகவே ஏறும் முன்பே தொட்டுவிடுங்கள், பரிசோதகரைக் கண்டபிறகு அல்ல.

நள்ளிரவு வாக்கில் மெட்ரோ நின்றுவிடும். அதன் பிறகு 91 முதல் 99 வரை எண்ணிட்ட இரவு டிராம்கள் ஓடும். அவை எல்லாம் லஸார்ஸ்கா நிறுத்தத்தில் சந்திக்கும் என்பதால் எந்தப் பக்கம் தங்கியிருந்தாலும் அங்கே மாறிப் போகலாம்.

பதில்

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு. உணவுப் பட்டியலில் 'பெஸ்மாசா யீட்லா' என்ற தலைப்பின் கீழ்தான் இறைச்சி இல்லாத பண்டங்கள் இருக்கும். பொரித்த பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும், உருளைக்கிழங்கு அடையும் உண்டு. முட்டை தவிர்ப்பவர்கள் இரண்டிலுமே கவனம்: முதலாவதின் மேல்மாவிலும் அடை மாவிலும் முட்டை சேரும். சூப் பார்க்கக் காய்கறியாக இருந்தாலும் இறைச்சி வடிநீரில் செய்திருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். மாட்டிறைச்சி ஒதுக்குகிறவர்கள் அதில் செய்யும் குலாஷ், ஸ்விச்கோவா என்ற இரண்டு பண்டங்களையும் தவிர்த்துவிடுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை 11 முதல் 2 மணிக்குள் மதியச் சாப்பாட்டுக்குத் தனி விலை வைப்பார்கள், இரவு விலையைவிட நன்றாகக் குறையும். மேசையில் கேட்காமலே வைக்கும் ரொட்டிக்கும் பில்லில் காசு வரலாம்.

பதில்

விசாவைப் பற்றி இரண்டே வரி. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வியன்னாவில் நான்கு இரவு, பிராக்கில் மூன்று இரவு என்றால் அதிக இரவு தங்கும் ஆஸ்திரியாவிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், செக் நாட்டிடம் அல்ல.

பதில்

தேதி பார்க்கும்போது மே 8, செப்டம்பர் 28, அக்டோபர் 28 ஆகிய மூன்று பொது விடுமுறைகளையும் கவனியுங்கள். 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்றைக்குத் திறக்கக் கூடாது என்பது சட்டம். தண்ணீர், பழம், ரொட்டி எல்லாம் முதல் நாளே வாங்கி வையுங்கள். பெட்ரின் மலை இழுவை ரயிலைப் புதுப்பிக்க 2024-இல் நிறுத்தினார்கள். ஓடுகிறதா என்று உறுதிசெய்யாமல் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஓடாவிட்டால் ஏற்றம் முழுவதும் நடைதான், மலைமேல் உள்ள பார்வைக் கோபுரத்தில் ஏற இன்னும் 299 படி.